இறக்கத்தில் ஒரு சத்தம்

அவர் மறுபடியும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

அவள் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அதை ஏற்றினாள்.

"குளிர்காத்து ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

அவர் இறக்கினார்.

நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பாயசம்கூடக் குடித்தார். ஏற்காட்டை விட்டு வண்டி கீழே இறங்கத் தொடங்கியதும் இந்தப் பாடு.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும்.

மிச்சமிருந்த இடது கை ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்போது அது டேஷ்போர்டைத் தட்டியது. கதவைத் தட்டியது. காலையில் மலை ஏறும்போதும் ஒரு தடவை தட்டியது; அவள் கண்டுகொள்ளவில்லை. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"உள்ள வாங்க. எதிர்ல பஸ் வருது."

அவள் ஏற்றினாள். ஏ.சி.யைக் கூட்டினாள்.

ஏழு பேர் உட்காரும் வண்டி. பழையதாக வாங்கியது. அவர் ஓட்டிய வரை அதற்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று அவளுக்குத் தெரியாது. அவர் விழுந்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு பாகம் பழுதானது. பேட்டரி. ஏ.சி. கம்ப்ரஸர். ஒரு நாள் கியர் மாற்றினால் உறுமல் மட்டும் வந்தது, வண்டி நகரவில்லை.

மெக்கானிக் ஜாபர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தான். கிளட்ச். சஸ்பென்ஷன் புஷ். பிரேக் பேடு. எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும் என்றான்.

கிளட்ச் மட்டும் மாற்றச் சொன்னாள்.

"பிரேக்கைத் தள்ளிப் போடாதீங்கக்கா."

"அடுத்த மாசம்."

அடுத்த மாசம் அவருக்குப் பேச்சுப் பயிற்சி ஆரம்பமானது. பணம் அங்கே போனது.

"போட்ட காசுக்கு வேற வண்டியே வாங்கியிருக்கலாம்மா. தள்ளிவிட்டுடுங்க" என்றான் ஓசூரிலிருந்து மகன்.

அவள் விற்கவில்லை. ஆட்டோவில் அவரை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இந்த வண்டியில் கதவுக்கு மேலிருக்கும் பிடியை இடது கையால் பிடித்து, தம் கட்டி, அவரே ஏறிவிடுவார். நாள் முழுக்க அவர் தானாகச் செய்வது அது ஒன்றுதான்.

கொண்டை ஊசி வளைவு ஒன்று கழிந்தது.

அவர் அவள் தோளில் அடித்தார்.

வலித்தது.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வளைவுக்கு முன் அவள் பிரேக்கை மிதித்தாள்.

பாதம் உள்ளே போனது. தரையைத் தொட்டது.

மறுபடி மிதித்தாள். காற்றை மிதிப்பது போலிருந்தது.

வண்டி வேகம் பிடித்தது. முன்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் மட்டும்.

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கினாள். வேறெதுவும் தோன்றவில்லை. ஜாபர் தோன்றவில்லை, மகன் தோன்றவில்லை, சாமிகூடத் தோன்றவில்லை.

அவருடைய இடது கை அவர் மடியைத் தாண்டி வந்தது. உடம்பையே திருகிக்கொண்டு வந்து கியரைப் பிடித்தது.

அவள் காலுக்கு அது புரிந்தது. கிளட்சை அழுத்தினாள்.

அவர் கியரை இழுத்தார். அவள் காலை எடுத்தாள்.

எஞ்சின் அலறியது. இருவரும் முன்னால் சரிந்து பெல்ட்டில் தொங்கினார்கள்.

மறுபடி அந்தக் கை தட்டியது. மறுபடி அழுத்தினாள். இன்னும் ஒரு கியர் கீழே.

வளைவு வந்தது. அவள் திருப்பினாள். அவர் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி, கொஞ்சம் இழுத்தார், விட்டார், இன்னும் கொஞ்சம் இழுத்தார். மலையோர வடிகாலில் ஒரு சக்கரம் இறங்கியது. பக்கவாட்டுத் தகடு மண்சுவரில் உரசிக்கொண்டே போனது.

நின்றது.

கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அவர் முகமெல்லாம் வியர்வை. அவள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள். முந்தானை தட்டி மூக்குக் கண்ணாடி அவர் மடியில் விழுந்தது. அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

சேலத்திலிருந்து ஜாபர் பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சக்கரத்தில் வழிந்திருந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்தான். உரசிய தகட்டைப் பார்த்தான். அவளைத் திட்டவில்லை.

"முன்னாடியே சத்தம் குடுத்திருக்குமேக்கா. எப்பலேர்ந்து? எப்படிக் கேட்டுச்சு?"

அவள் எதையும் கேட்டிருக்கவில்லை.

"எனக்குத் தெரியல தம்பி. அவர்கிட்டக் கேளு."

ஜாபர் அவளைப் பார்த்தான். அவர் படுத்த நாளிலிருந்து அவரிடம் அவன் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. கும்பிடுவான். 'நல்லாருக்கீங்களாண்ணே' என்று செவிடரிடம் கேட்பது போல உரக்கக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொள்வான்.

இப்போது அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே குந்தினான்.

"என்ன சத்தம்ணே?"

அவர் உதடுகளைக் கூட்டினார். பயிற்சியில் செய்வது போலவே காற்றுதான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள்.

பிறகு அவர் தொண்டையிலிருந்து அது வந்தது. இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம். நீளமாக, கரகரவென்று.

"மிதிச்சா மட்டுமா? சும்மா ஓடுறப்பவுமா?"

அவர் தலையை ஆட்டினார். இன்னொன்று செய்து காட்டினார். இது விட்டு விட்டு வந்தது, மெலிதாக, சக்கரத்தின் சுற்றுக்கு ஒன்றாக.

"ஓ... ஏறுறப்பவே வந்துச்சா?"

அவர் இடது கை காற்றில் மேலே ஏறியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. அங்கேதான் என்பது போல ஒரு விரல் நீண்டது.

"அப்பன்னா இடது பக்கந்தாண்ணே முதல்ல போயிருக்கு."

அவள் சாலையோரத்தில் நின்றாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.