சத்தமில்லாத குளோசப்

வீராயி தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளிப் பிரபாவுக்கு வைத்துவிட்டாள். "எம் மருமவளா வந்துடேன். எம் புள்ளைக்கு என்னா கொறச்சல்?"

படம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் 'சரி' என்று பிரபா சொல்லியாக வேண்டும். அது வீராயியின் மகன் இனியவன் வைத்த கெடு.

பீங்கான் கம்பெனி கேன்டீனில் வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் அறிவழகன் எடுத்த காதல் படம். அந்தக் காலத்து மௌனப் படம் போலவே பேச்சுச் சத்தம் கிடையாது. நாயகன் இனியவன். நாயகி, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, கம்பெனியில் கணக்கு பார்க்கும் பிரபா.

"மைக்கே இல்ல, வாய்க்கு வந்தத பேசுங்க. மொகத்துல காதல் தெரிஞ்சா போதும்" என்று சொல்லித்தான் அறிவழகன் குளோசப் எடுத்தான். இனியவன் முகத்தில் காதல் வழிய, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"ஹாஸ்டல்ல நீ குளிச்ச வீடியோ எங்கிட்ட இருக்குது. என்னைக் கட்டிக்கலன்னா ஊருக்கே அனுப்பிடுவேன்."

அவள் கண்ணில் தளும்பிய பயத்தைப் பார்த்து அறிவழகன் கைதட்டினான். "சூப்பர்ங்க! என்னா நடிப்பு!"

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஊருக்கு அவன் அவ்வளவு நல்ல பிள்ளை.

வீராயி இப்போது முன்வரிசைக்குப் போய், கடைசி வரிசையில் இருந்த காசியம்மாளோடு சத்தமே வராமல் வாயசைத்துக் கதை பேசினாள். மண் அரைக்கிற ஷெட்டில், மெஷின் இரைச்சலில் வேலை செய்யும் பெண்களுக்கு வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. தன்னைப் பற்றித்தானோ என்று பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஷெட் பக்கமே தலைவைத்துப் படுக்காத இனியவன், அவளைப் பார்த்துச் சிரித்தான்.

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குளோசப் வந்தது. திரை முழுக்க இனியவனின் முகம்.

ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் பக்கம் மட்டும் கப்சிப்பென்று ஆனது. பிரபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

படம் முடிவதற்குள் யாரோ விளக்கைப் போட்டார்கள். "அம்மா, பிரபா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று இனியவன் எழுந்தான்.

வீராயி வந்து மகனின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"எந்த வீடியோடா அது?"