புதுப் பூட்டு

"அம்மா, நான் உள்ள இருக்கேம்மா. பூட்டிட்டீங்க."

மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடிவேல் குரல் கொடுத்தான். கீழே ஆட்டோவில் ஏறப்போன வீட்டுக்காரம்மா ஆதிலட்சுமி ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் தம்பி. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். நீ வேலையப் பாரு."

ஆட்டோ ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

ஏசியைக் கழுவும் பம்ப் இரைச்சலில் அவர் கதவைச் சாத்தியதுகூட அவன் காதில் விழவில்லை. பம்பை நிறுத்தியபோது வெளியே பூட்டு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டிருந்தது. இப்போது போய் இழுத்துப் பார்த்தான். கதவு அரை விரல் அகலம் அசைந்தது. வெளியே நாதாங்கியில் பூட்டு இடித்தது. வேறு வாசல் கிடையாது. ஜன்னல் எல்லாம் கம்பி.

டீப்பாய் மேல் பூட்டு வாங்கிய அட்டைப்பெட்டி பிரித்தபடி கிடந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. இன்று ஏசி மெக்கானிக் வருகிறான் என்று கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்திருக்கிறார்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு கோடைக்கும் இந்த வீட்டு ஏசியைப் பார்ப்பவன் அவன்தான். "வடிவேலு வந்தா நான் பின்னாடி நிக்கவே வேணாம்" என்று ஆதிலட்சுமி சொன்ன ஒரு வார்த்தையில்தான் இதே தெருவில் இன்னும் நாலு வீடு அவனுக்குக் கிடைத்தது. அந்த வாயா இது என்று இருந்தது அவனுக்கு.

அவர் நம்பருக்கு போன் போட்டான். மணி சமையலறைக்குள் அடித்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்து முதலாளி புருஷோத்தமனைக் கூப்பிட்டான்.

"உள்ள வச்சிப் பூட்டிட்டாங்களா? இன்னாய்யா சொல்ற?"

"ஆமாண்ணே. ஏசி பெட்ரூம்ல இருக்கு. அங்கதான் பீரோவும். பீரோல சாவி வேற தொங்குது."

புருஷோத்தமன் குரலைத் தாழ்த்தினார்.

"எதையும் தொடாத வடிவேலு. நாளைக்கு ஒரு குண்டுமணி காணோம்னாலும் உன் தலையிலதான் வுழும். பேசாம போனை வீடியோல போட்டு வச்சிட்டு வேலையப் பாரு."

அப்படியே செய்தான். பீரோவும் தானும் தெரிகிற மாதிரி போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தான். கழற்றிய மூடியை மாட்டி, ஒவ்வொரு திருகாணியையும் போனுக்குக் காட்டிக் காட்டி முடுக்கினான். அந்த அறையில் தன் கையைப் பார்க்கத் தனக்கே கூச்சமாக இருந்தது.

வேலை முடிந்ததும் போனையும் பையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். தொண்டை வறண்டது. சமையலறைக்குள் போய்த் தண்ணீர் எடுக்க மனம் வரவில்லை. மின்விசிறி சுவிட்சைக்கூடத் தொடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சார்ஜ் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார் என்று எழுந்தான்.

பூட்டில் சாவி நுழைந்தது. திரும்பவில்லை. மறுபடி நுழைந்தது, பலமாகத் திருகியது. பிறகு பூட்டைப் பிடித்து ஆட்டும் சத்தம். ஆணின் குரல் ஒன்று முணுமுணுத்துத் திட்டியது.

குரல் கொடுக்கலாமா என்று நினைத்தான் வடிவேல். பூட்டிய வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் தெருவே கூடிவிடும். ஒரு துரும்பையும் எடுக்காதவன், திருடனைப்போல மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். கதவில் ஓங்கி ஓர் உதை விழுந்தது. செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போயிற்று.

இன்னும் அரை மணி கழித்து ஆதிலட்சுமி கையில் கண் ஆஸ்பத்திரி ஃபைலோடு கதவைத் திறந்தார். அவர் உள்ளே கால் வைப்பதற்குள் வடிவேல் பையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினான்.

"சோதிச்சுக்கோங்கம்மா. பாக்கெட்டும் பாத்துக்கோங்க. நான் ரூம்ல இருந்த வரைக்கும் போன்ல வீடியோ இருக்கு. அடுத்த வருஷத்துலேர்ந்து வேற ஆளக் கூப்புட்டுக்கோங்க."

அவர் பையின் பக்கமே பார்க்கவில்லை.

"யாராச்சும் வந்தாங்களா தம்பி?"

"வந்தாங்க. சாவி போட்டுப் பாத்தாங்க, தொறக்கல. கதவ ஒதச்சிட்டுப் போய்ட்டாங்க."

ஆதிலட்சுமி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

"தை மாசம் பெயிண்ட் அடிக்க அம்மாவாசைன்னு ஒருத்தரு வந்தாரு. அவர வேலையில வுட்டுட்டு நான் கடைக்குப் போனேன். பூட்டல. திரும்பி வந்தா வளையலக் காணோம். அவர ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாங்க. அவரு எடுக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். வாயத் தொறக்காம இருந்துட்டேன். நீயும் அந்த மாதிரி போறத பாக்க என்னால ஆவாது தம்பி."

வடிவேலின் கோபம் பாதியில் நின்றது.

"அப்ப எடுத்தது யாரும்மா?"

அவர் கடைசி ஸ்பேனரையும் உள்ளே வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"இப்ப கதவ ஒதச்சிட்டுப் போனானே, என் புள்ள."