தலைவர் பிடித்த வண்ணத்துப்பூச்சி

“அபூர்வ வண்ணத்துப்பூச்சியைப் பிடிச்சது நான்தான்னு சங்க வரலாற்றுல எழுதுங்க” என்றார் தலைவர், கண்ணாடிப் பெட்டியைத் தட்டியபடி.

இயற்கை ஆர்வலர் சங்கத்தின் வெள்ளிவிழா மலரை எழுதிக்கொண்டிருந்த கடிகார ரிப்பேர்காரர் நிமிர்ந்தார். அந்தப் பூச்சியைக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். மறுநாள் பேப்பரில் வந்ததோ தலைவரின் படம். அதற்கு முந்தின வருஷம் ரிப்பேர்காரர் கண்டுபிடித்த தவளைக்கும் இதே கதிதான்.

“தனியாவா பிடிச்சீங்க?”

“தன்னந்தனியா! வேற யார் கையும் படலை.”

“அப்படியே எழுதிட்டேன். கீழே கையெழுத்துப் போடுங்க.”

தலைவர் பூரித்துப்போய்ப் போட்டார்.

விஷயம் கேட்டு வீட்டில் ரிப்பேர்காரரின் மனைவி பொரிந்து தள்ளினாள். “சூடு சொரணை இருக்கா உங்களுக்கு? தவளைதான் போச்சு, இதையுமா தாரை வார்த்துட்டு வருவீங்க?”

“விழாவுக்கு மியூசியத்துலேர்ந்து நிபுணர் வர்றார். பூச்சியை லென்ஸ் வெச்சுப் பார்க்கணுமாம்.”

“பார்த்தா?”

கடிகார ரிப்பேர்காரர் சின்ன இடுக்கியை நிதானமாகத் துடைத்தார்.

“ரெண்டு பூச்சியோட இறக்கையை ஒண்ணா ஒட்டினது தெரியும். தவளை போன ஆத்திரத்துல ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டினேன். வேற யார் கையும் படலைன்னு இன்னிக்கு அவரே கையெழுத்துப் போட்டுட்டார்!”