தவெங்வா சாருக்கு ஒரு பிடி மண்

"அழுங்க டீச்சர், கொஞ்சம் சத்தமா அழுங்க. இப்படி முனகினா செத்தவனுக்கே சந்தேகம் வந்துடும்."

காதோரம் சொல்லிவிட்டு நகர்ந்தார் ஒபேத் சார். ஷுவாய் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குரலை உயர்த்தினாள். எதிரே சவப்பெட்டி. உள்ளே, இடிந்துபோன ஏழாம் வகுப்புச் சுவரின் செங்கற்கள். சுற்றிலும் ஐந்து பள்ளிகளின் ஆசிரியர்கள், நாற்பத்து மூன்று பேர்.

வேறு வழி விட்டுவைக்கவில்லை. போன மாதம் மாவட்ட அதிகாரி, தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் கண்ணெதிரே முட்டி போட வைத்தார். முரட்டுப் பையன்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலைநிறுத்தம் பற்றிச் சங்கம் கூடிப் பேச அனுமதி கேட்டால், ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே வேலை போய்விடும் என்று பதில் வந்தது. இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டுகிற உரிமை பிணத்துக்கு மட்டும்தான் இருக்கிறது.

"அப்போ ஒருத்தரைச் சாகடிப்போம்" என்றவள் ஷுவாய்தான்.

பெயரையும் அவளே எடுத்தாள். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் ஆகாது. ஸ்டோர் ரூமில் கரையான் அரித்த பழைய வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து கிடைத்தது: தவெங்வா மசாரா. யாரும் கேள்விப்படாத பெயர். இந்தப் பக்கம் எந்த ஆசிரியரையும் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே பள்ளியில் விட்டுவைப்பதில்லையே. வானொலியில் சாவு அறிவிப்பும் கொடுத்தாயிற்று. குழியில் மண் போடுவதுதான் வாக்கெடுப்பு. போடுகிறவர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம். போடாமல் நகர்கிறவருக்குச் சம்மதமில்லை.

மரத்தடியில் போலீஸ் ஜீப். சார்ஜன்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒபேத் எழுந்தார். அந்த ஊர் வழக்கப்படி, செத்தவரை நாலு பேர் சிரிக்கக் கேலி பேசுவது உற்ற நண்பனின் கடமை. கேலி இல்லையென்றால் அது சாவு வீடே இல்லை.

"இந்தத் தவெங்வா இருக்கானே, பீச்சாங்கைக்காரன்! போர்டுல இவன் எழுத எழுத, பின்னாலேயே இவன் சட்டைக் கை அழிச்சிட்டு வரும். பாதிப் பாடம் பிள்ளைங்களுக்கு, பாதிப் பாடம் சட்டைக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்தச் சாக்பீஸ் கறையைத் தேய்ச்சே என் விரல் தேஞ்சு போச்சு!"

திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவி. மடியில் பிரிக்காத புதுப் போர்வை.

ஒபேத்துக்கு உற்சாகம் கூடியது. "ஒரு ஆடு கத்தினாப் போதும், ஐயா மேசை மேல ஏறிடுவாரு!"

"பொடியனா இருந்தப்போ கிடா முட்டிடுச்சுய்யா," என்றாள் கிழவி. "தொடையில தழும்பு இருக்குமே."

ஒபேத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய்க்கு வந்ததைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்ல வந்து ஷுவாய் பக்கத்தில் குந்தினார்.

"யாரைப் பிடிச்சீங்க டீச்சர்? கிழவி பிச்சு உதறுது."

"நீங்க கூட்டிட்டு வந்த ஆளுதானே?"

"நான் இல்ல."

வேறு யாரோ கூட்டி வந்திருக்க வேண்டும் என்று ஷுவாய் கூட்டத்தை நோட்டமிட்டாள்.

சார்ஜன்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எல்லாம் வாத்தியாருங்களாவே இருக்கீங்க, சொந்தபந்தம் ஒண்ணையும் காணோம்? ம், பெட்டியைத் திற."

திறந்தால் நாற்பத்து மூன்று பேரின் வேலையும் போய்விடும்.

கிழவி விருட்டென்று எழுந்து வந்து பெட்டியின் மேல் குப்புற விழுந்தாள்.

"மொதல்ல தொப்பியைக் கழட்டுடா! பெத்தவ நான் இருக்கேன். உன் கண்ணு முன்னால திறக்க விடமாட்டேன். நாளைக்கு இவன் ஆவியா உன் வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவே?"

சார்ஜன்ட்டின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. அந்த ஊரில் போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கோபத்தோடு செத்தவனுக்குப் பயப்படாதவர் கிடையாது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராக வந்து மண் போட்டார்கள். தலைமை ஆசிரியர் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். ஷுவாய் உதட்டுக்குள் எண்ணினாள். நாற்பத்தொன்று. இரண்டே பேர்தான் நகர்ந்தார்கள். ஜெயித்தாயிற்று! திங்கட்கிழமை ஒரு பள்ளியிலும் மணி அடிக்காது.

ஒபேத் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"நில்லுய்யா," என்றாள் கிழவி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவனுங்க போயிட்டானுங்கல்ல? இப்போ திறங்க. போர்த்தி விட்டுடறேன்."

ஷுவாய் சிரித்தபடி அவள் கையைப் பிடித்தாள். "போதும்மா, எல்லாம் முடிஞ்சது. உங்களை யாரு அனுப்பினா?"

"ரேடியோவுல பேரு சொன்னீங்களே. குட்டு ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

ஷுவாய் பிடித்திருந்த கையை விட்டாள்.

"அம்மா... பெட்டிக்குள்ள யாரும் இல்லம்மா."

கிழவி குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஸ்டிரைக்னு அவனைப் பிடிச்சிட்டுப் போன நாள்லேர்ந்து, பதினோரு வருஷமா ஸ்டேஷன்லயும் இதையேதான் சொல்றாங்க, மகளே. நீங்க டீச்சருங்க... நீங்களுமா பொய் சொல்றீங்க? திறங்க."