டெல்லியில் ஊர் மண்வாசனை

சொந்த ஊர் மண்வாசனை கிலோ இருநூறு ரூபாய். ஆர்.கே.புரத்தில் என் கடையில் மட்டுமே கிடைக்கும்.

பொங்கலுக்கு வள்ளிக்கிழங்கு வாங்க மனைவி இளவரசியோடு வந்த பூவராகவன் சார், ஒன்றை எடுத்து முகர்ந்தார். விலை ஏற ஏற வாசனை கூடும். அதிகாரி மூக்கு அப்படி.

"நாகர்கோவில் சரக்குதானே, அண்ணாச்சி?"

"மண்ணைப் பார்த்தாலே தெரியலையா, சார்?"

"அதானே! டெல்லி மண்ணுல இது வருமா? இவளும் குவார்ட்டர்ஸ் வேலியில ஒரு கொடியை ஏத்தி வச்சிருக்கா. வெறும் குப்பை! நாளைக்கே வெட்டி எறியப்போறேன்."

நான் அவசரமாகக் கிழங்கைத் தராசில் அள்ளிப் போட்டேன்.

மூன்று கிலோ வாங்கிக்கொண்டு அவர் காரை எடுக்கப் போனார்.

"தாராளமா வெட்டட்டும், அண்ணாச்சி. கிழங்கெல்லாம் நேத்தே தோண்டியாச்சு. மிச்ச மூட்டை மத்தியானம் வரும்" என்று இளவரசி கையை நீட்டினாள்.

வசூல் அறுநூறு. அவளுக்கு நானூறு, எனக்கு இருநூறு. பாக்கி இல்லை.