இரண்டாம் பாகத்தில் பேய் இல்லை

தோல் பதனிடும் ஷாப்பில் மத்தியானச் சங்கு ஊதி, பெண்கள் ஆவாரம்பட்டைக் குவியலோரம் சாப்பாட்டுத் தூக்குகளைத் திறக்கிறார்கள். பூங்காவனத்தின் கையில் ரோஸ் நோட்டீஸ்: ஸ்பெயின் தேசத்துப் பேய்ப்படம், இரண்டாம் பாகம், வெள்ளிக்கிழமை முதல். வெயில் பட்டு அந்த ரோஸ் அவள் கன்னத்திலும் ஏறுகிறது. பாஷை புரியாத முதல் பாகத்துக்கு வாயசைவைப் பார்த்தே கதை கட்டிச் சொன்னவள் அன்னம்மாள். மூன்று மாதமாய்க் கூட்டம் அவளைச் சுற்றித்தான். இன்று எல்லா முகமும் பூங்காவனத்தின் பக்கம். "எந்தம்பிதான் டெண்டுக் கொட்டாயில டிக்கெட் கிழிக்கிறான். மொத ஆட்டமே பாத்துட்டு வந்து சொல்றேன்." அன்னம்மாள் பொறாமையில் கூழ்த் தூக்கைப் பாதியிலேயே மூடிவிடுகிறாள். "அதுல பேயே வராதாம்டி," என்கிறாள், யாரும் சொல்லாத ஒன்றை. பட்டைத் தூசு வெயிலில் மிதக்கிறது. நோட்டீஸ் மெல்ல மடியில் இறங்குகிறது. "அப்போ இன்னாதான்கா வருது?" என்று பூங்காவனமே நகர்ந்து வந்து, அன்னம்மாளின் முழங்காலை ஒட்டி உட்காருகிறாள்.