ரம்பத்துக்கு ஒரு நாள் மூடி

"இன்னைக்கு நான் வாயைத் திறக்கத்தான் போறேன். வேலை போனா போகட்டும்!"

வார்த்தினி ரம்ப மிஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். ஜெப்பாரா ஊரில் தேக்கு நாற்காலி செய்து கப்பலேற்றும் பட்டறைகளில் ஹாஜியார் மஸ்ரூகானுடையதும் ஒன்று. நாற்காலி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனைக்காரர் பட்டறையின் பாதுகாப்பைப் பார்க்க இன்று வருகிறார்.

"மெதுவாப் பேசுடி," என்றாள், பக்கத்தில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த எண்டாங். "ஆர்டர் போச்சுன்னா முப்பது வீட்டுல உலை கொதிக்காது."

"ஜுமாடியோட விரல் போச்சே, அதுக்கு யாரு அழுதா?"

எண்டாங் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். ஜுமாடி வார்த்தினியின் புருஷன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ரம்பம் அவனுடைய இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. கட்டுப் பிரித்தாயிற்று. திங்கட்கிழமை மறுபடியும் இதே மிஷினுக்கு வருகிறான். அன்றைக்கு ரம்பத்தின் மேல் மூடி இருக்க வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

இன்றைக்கு இருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் பளபளக்க, பல் வெளியே தெரியாமல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நேற்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நாலு மிஷினுக்கும் மாட்டியிருக்கிறார்கள். காலையில் ஆளுக்கொரு கண்ணாடி, ஒரு ஜோடி கையுறை. சோதனைக்காரர் முன்னறையில் காபி குடிப்பார், ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மத்தியானம் இவர்கள் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் மூடியும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது. எந்த அறையில் போட்டுப் பூட்டுவாரோ ஹாஜியார்! வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். தின்கிறவனும் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறான்.

பதினோரு மணி வாக்கில், யாரும் எதிர்பாராத விதமாக, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் நோட்டுமாக ஒரு ஆள் பட்டறைக்குள்ளேயே வந்தான். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கண்ணாடியை எண்ணினான். வார்த்தினியின் மிஷின் அருகே குனிந்து, மூடியின் திருகாணியை விரலால் அசைத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் முறுக்கியிருக்காங்க," என்றான். பிறகு முகம் சுருங்கியது. "இந்தக் கீறல் எப்படி வந்துச்சு? போன தடவை இல்லையே!"

வார்த்தினிக்குப் புல்லரித்தது. கீறலைக்கூட விடாத கண்! இவ்வளவு நாள் இப்படி ஒருத்தர் வரவில்லையே என்றுதான் அவள் ஏங்கிக்கிடந்தாள்.

"ஐயா, கீறல் கிடக்கட்டும். இந்த மூடியே பொய்."

"அக்கா, நான் வந்து..."

"பேச விடுங்க ஐயா! உங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல? இது நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான் இருக்கும். மூடி இருந்தா ஒரு நாளைக்கு இருபது கால் குறைவா அறுபடுதாம். இருபது நாற்காலிக் கால் பெருசு, என் வீட்டுக்காரரு ரெண்டு விரல் சிறுசு! அவரு கவனமில்லாம இருந்தாராம், ஹாஜியார் சொல்றாரு. கட்டை உதறி எகிறும்போது கவனம் என்ன பண்ணும்? கை தானா முன்னால போகும். மூடி இருந்தா மூடியில இடிச்சிருக்கும்."

"அது சரிக்கா, ஆனா என்கிட்ட..."

"இதையும் பாருங்க!" அவள் கையுறையை உருவி அவன் முன்னால் எறிந்தாள். "ரம்பம் ஓட்டுறவ கையில உறை மாட்டலாமா? ஒரு நூல் பல்லுல சிக்குனா கையையே உள்ள இழுத்துடும். வேலை தெரிஞ்ச எவனாவது இதைக் கொடுப்பானா? பார்க்க அழகா இருக்கணும்னு கொடுக்கிறாங்க. எங்க கை என்ன, கல்யாண மாப்பிள்ளை கையா?"

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டது. எண்டாங் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் வார்னிஷ் அடிக்கிற ஒருவன் மட்டும் "அப்படிப் போடு" என்று முணுமுணுத்தான். வார்த்தினி நிறுத்தவில்லை. இரண்டு மாதக் கோபம் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் அப்படித்தான்.

"திங்கட்கிழமை என் வீட்டுக்காரரு இங்க வந்து நிப்பாரு. மிச்சம் எட்டு விரல் இருக்கு ஐயா. அந்த எட்டும் வீடு வந்து சேரணும். இந்த மூடியை யாரும் கழட்டக் கூடாதுன்னு எழுதிட்டுப் போங்க. என் பேரையும் எழுதிக்குங்க, வார்த்தினின்னு. நான் பயப்படலை."

அந்த ஆள் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். குனிந்து கையுறையைப் பொறுக்கித் தூசி தட்டினான். பிறகு நோட்டில் ஏதோ எழுதினான்.

"எழுதிட்டீங்களா?" என்றாள் வார்த்தினி.

"எழுதிட்டேன்கா. கண்ணாடி முப்பது, கையுறை முப்பது ஜோடி, மூடி நாலு, அதுல ஒண்ணு கீறல்."

"நான் சொன்னது?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்பானரை எடுத்து மூடியின் மேல் வைத்தான்.

"அதைச் சோதனைக்காரர்கிட்டல்ல சொல்லியிருக்கணும், அவரு முன்னறையில கையெழுத்துப் போட்டுட்டு அப்பவே கிளம்பிட்டாரே. நான் வாடகைச் சாமான் கடை ஆளு அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவரு அடுத்த பட்டறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் இதையெல்லாம் அங்க கொண்டுபோய் மாட்டியாகணும்."